கோடி ரூபாய் காருக்கு ஒரு சிறு மூடி

நம் கடைகளில் குக்கர் காஸ்கெட் விற்கிறோம். குக்கரைச் செய்தவர் ஒருவர். காஸ்கெட்டைச் செய்தவர் வேறொருவர். வாடிக்கையாளர் குக்கரின் பெயரையும் லிட்டரையும் சொல்கிறார். நாம் தேடி எடுத்துக் கொடுக்கிறோம். ‘இது கம்பெனி காஸ்கெட்தானே?’ என்று அவர் கேட்கும்போது நாம் சொல்லும் பதிலில்தான் நம் நாணயம் இருக்கிறது. ‘கம்பெனியுடையது இல்லை, ஆனால் பொருந்தும்’ என்பது ஒரு பதில். ‘கம்பெனியேதான்’ என்று சொல்லிப் பணத்தைக் கல்லாவில் போடுவது இன்னொரு பதில்.

இதே காஸ்கெட் வியாபாரம் கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள கார்களுக்கும் நடக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன் போன்ற அதிவேகக் கார்களை ‘சூப்பர் கார்’ என்கிறார்கள். இவற்றின் பின் பம்பரில் இடமும் வலமும் காற்றுத் துளைகள் இருக்கும். பல கார்களில் அவற்றைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் சட்டமோ வலையோ பொருத்தியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அல்லது அதன் மேலேயே ஒட்டி, கார்பன் ஃபைபரால் ஆன மூடியைப் பூட்டிக் கொள்வது கார் உரிமையாளர்களின் ஆசை. இரண்டு கையளவுப் பொருள்தான். ஆனால் ஒரு ஜோடியின் விலை சில நூறு டாலரில் தொடங்கும்.

இம்மூடியைச் செய்பவர் பெரும்பாலும் கார் கம்பெனி அல்ல. அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளில் உள்ள தனிப் பட்டறைக்காரர்கள். கார் விற்ற பிறகு நடக்கும் வியாபாரம் என்பதால் இதை ‘ஆஃப்டர் மார்க்கெட்’ என்கிறார்கள். பெரிய கம்பெனியின் நிழலில் சிறு வியாபாரி பிழைக்கும் தொழில் இது. அந்த நிழலில் எதுவரை நிற்கலாம், எங்கே நின்றால் சுடும் என்பது நம் எல்லோருக்கும் பயன்படும் பாடம்.

துளை எதற்காக?

இவ்வகைக் கார்கள் பலவற்றில் எஞ்சின் முன்னால் இல்லை. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சினும் புகைக்குழாயும் கக்கும் சூடு பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். பின் சக்கரங்களைச் சுற்றி அடைபடும் காற்றுக்கும் வழி வேண்டும். இந்தச் சூடு எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1992இல் வெளிவந்த மெக்லாரன் எஃப்1 என்னும் காரில், எஞ்சின் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடு ஒட்டினார்கள். ஆடம்பரத்துக்காக அல்ல; சூட்டைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் சிறந்தது என்பதற்காக. மொத்தம் 106 கார்களே செய்யப்பட்டன.

ஆகவே, மூடி என்ற பெயரில் துளையை அடைத்துவிட்டால் அது அலங்காரம் அல்ல, கெடுதல். நல்ல தயாரிப்பாளர் காற்று போகும் வழியைக் குறைக்காமல் சட்டமாகவோ, சாய்ந்த பட்டைகளாகவோ அமைப்பார். சில கார்களில் துளை வெறும் அலங்காரம். உள்ளே ஏற்கெனவே அடைத்திருக்கும். அங்கே எதை வைத்தாலும் பாதகமில்லை. எந்தக் காரில் எது என்று அறிந்து சொல்வதுதான் விற்பவரின் வேலை.

நூலும் பிசினும்

கார்பன் ஃபைபர் என்பது தலைமுடியைவிட மிக மெல்லிய கரி இழை. ஓர் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான். ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்துப் புரியாக்கி, துணிபோல் நெய்து, எப்பாக்ஸி பிசினில் தோய்த்து இறுக வைத்தால் பலகை கிடைக்கும். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறத்தாழ 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம்; இது 1.6 கிராம் அளவுதான். ஆனால் பலம் அதிகம். 1981இல் மெக்லாரன் நிறுவனம் தன் பந்தயக் காரின் உடற்கூட்டை இதனால் செய்தபோது, மோதினால் நொறுங்கிவிடும் என்று பலர் ஐயப்பட்டார்கள். அவ்வாண்டே இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய கார் மோதி இரண்டாகப் பிரிந்தது. அவர் இறங்கி நடந்து வந்தார். அன்று முதல் கார்பனுக்கு மதிப்பு ஏறியது.

மளிகைக்காரருக்குப் பழக்கமான ஒரு செய்தியும் இதில் உண்டு. உயர்தர வேலைக்குப் பிசின் ஏற்கெனவே தோய்த்த துணியை வாங்குகிறார்கள். அதற்குக் காலாவதி தேதி உண்டு. சுமார் மைனஸ் 18 டிகிரி குளிரில் வைத்தால்தான் பல மாதங்கள் தாங்கும். வெளியே எடுத்து வைத்தால் சில வாரங்களில் கெட்டுவிடும். அதைக் காற்றழுத்தமும் வெப்பமும் உள்ள ‘ஆட்டோகிளேவ்’ என்னும் பெரிய பாத்திரத்தில் வேக வைக்கிறார்கள். நம் குக்கரின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம்.

மூன்று சரக்கு, ஒரே பளபளப்பு

சந்தையில் ‘கார்பன்’ என்ற ஒரே பெயரில் மூன்று வகைச் சரக்கு உலவுகிறது. முதலாவது, மேற்சொன்னபடி அழுத்தத்தில் வேக வைத்தது. இதைத் தொழிலில் ‘ட்ரை கார்பன்’ என்பார்கள். இரண்டாவது, அச்சில் துணியைப் பரப்பிக் கையால் பிசின் பூசிக் காய வைத்தது; ‘வெட் கார்பன்’. மூன்றாவது, கண்ணாடி இழையின் மேல் ஒரே ஓர் அடுக்கு கார்பன் துணியைப் போர்த்தியது, அல்லது பிளாஸ்டிக்கின் மேல் கார்பன் நெசவு போல அச்சிட்ட படலத்தை ஒட்டியது.

மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் புதிதில் மூன்றும் பளபளக்கும். மிளகில் பப்பாளி விதை கலந்த கதைதான். மிளகைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறோம். இங்கே பொருளைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். உண்மையான நெசவை வெளிச்சத்தில் சாய்த்தால் பட்டுச் சேலை போல நிழலும் ஒளியும் மாறி மாறித் தெரியும். அச்சிட்டதில் அந்த ஆழம் இருக்காது.

வேறுபாடு வெளுப்பது வெயிலிலும் சூட்டிலும்தான். எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளடிக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேற்பூச்சு அவசியம். சாதாரண வெப்பத்தில் காய வைத்த பிசின் பல வகைகளில் 60, 70 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் மூடிக்கு அது போதாது.

இன்னொன்று. ‘கார்பன் மூடி போட்டால் கார் எடை குறையும்’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. எஃகுக் கதவுக்குப் பதிலாகக் கார்பன் கதவு என்றால் அது உண்மை. ஆனால் பம்பரில் இருப்பதே பிளாஸ்டிக். அதன் மேல் ஒரு மூடியை ஒட்டினால் எடை கூடத்தான் செய்யும். அழகுக்காக வாங்குபவரிடம் அழகு என்று சொல்லியே விற்கலாம். அவர் வாங்காமல் போய்விட மாட்டார்.

பொருந்தும் என்பது வேறு, அதுவே என்பது வேறு

பிறர் செய்த காருக்கு நாம் பாகம் செய்து விற்கலாமா? சிறு வியாபாரிக்கு உயிர்நாடியான இக்கேள்வி பல முறை நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 1986இல் பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம், தன் காரின் புகைக்குழாயைப் பார்த்துச் செய்து விற்ற ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் தோற்றது. கார் வாங்கியவருக்கு அதைப் பழுது பார்த்துக் கொள்ளும் உரிமை உண்டு. அதற்கான பாகம் சந்தையில் கிடைப்பதைக் கம்பெனி தடுக்கக் கூடாது என்றது பிரிட்டனின் பிரபுக்கள் சபை.

2017 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், போர்ஷே, ஆடி நிறுவனங்களுக்கும் அக்காசியா என்ற இத்தாலியச் சக்கரத் தயாரிப்பாளருக்கும் இடையிலான வழக்கில் கோட்டை இன்னும் தெளிவாகக் கிழித்தது. உடைந்ததைப் பழையபடி ஆக்குவதற்கு, அச்சாக அதே தோற்றமுள்ள பாகத்தைச் செய்து விற்கலாம். ஆனால் ‘இவ்வடிவம் எங்களுடையது அல்ல, இது பழுது நீக்க மட்டுமே’ என்று பொருளிலும் பெட்டியிலும் வாங்குவோர் கண்ணில் படும்படி எழுத வேண்டும். வெறும் அழகுக்காக மாற்றிப் பூட்டுவதற்கு இந்தச் சலுகை கிடையாது.

2021 அக்டோபர் 28இல் அதே நீதிமன்றத்தில் ஃபெராரியும் ஜெர்மனியின் மான்சோரி நிறுவனமும் எதிரெதிரே நின்றன. சாதாரண ஃபெராரி 488 காரை, பந்தயத் திடலுக்கென்றே செய்யப்பட்ட எஃப்எக்ஸ்எக்ஸ் கே போலத் தோன்றச் செய்யும் முன்பாகங்களை மான்சோரி விற்றது. முழுக் காரின் புகைப்படத்தை வெளியிட்டாலே, அதில் தெளிவாகத் தெரியும் பாகத்தின் வடிவத்துக்கும் பாதுகாப்புக் கிடைக்கலாம் என்றது நீதிமன்றம். ஆகவே அலங்காரப் பாகம் செய்பவர் சொந்தமாக வடிவமைப்பதே பத்திரம்.

நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் 30ஆம் பிரிவும் இதற்கு இடம் தருகிறது. ஒரு பொருளுக்குப் பொருந்தும் பாகம் அல்லது துணைப்பொருள் என்று காட்டத் தேவையான அளவுக்கு அப்பொருளின் பெயரைச் சொல்லலாம். அந்தக் கம்பெனியோடு இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டக் கூடாது. காஸ்கெட் அட்டையில் ‘இன்ன குக்கருக்குப் பொருந்தும்’ என்று சிறிதாக இருப்பதற்கும், குக்கர் கம்பெனியின் சின்னத்தையே பெரிதாக அச்சிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வாரண்டிப் பேச்சு

‘வெளிப் பாகம் பூட்டினால் வாரண்டி போய்விடும்’ என்று வாடிக்கையாளரை மிரட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன் மாஸ் சட்டப்படி, வேறொருவர் பாகத்தைப் பூட்டினார் என்பதற்காக மட்டும் கம்பெனி வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாகத்தால்தான் கெட்டது என்று காட்டினால், அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். துளையை அடைத்த மூடியால் சூடு ஏறி எதுவும் உருகினால் பொறுப்பு மூடி பக்கம்தான் வரும். விற்றவரும் அதில் மாட்டுவார்.

வணிக நண்பர்களே, நம்மில் யாரும் சூப்பர் காருக்கு மூடி விற்கப் போவதில்லை. ஆனால் மிக்சி ஜார், அடுப்பு பர்னர், கிரைண்டர் பெல்ட் என்று பிறர் பொருளுக்குப் பொருந்தும் சரக்கு நம் அலமாரியில் எத்தனையோ. கொள்முதல் செய்யும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எதனால் செய்தது? எதற்குப் பொருந்தும்? யார் செய்தது? இம்மூன்றுக்கும் அட்டையில் நேரான பதில் இருந்தால் தைரியமாக அடுக்குங்கள். இல்லாத சரக்கை, கமிஷன் எவ்வளவு கூடக் கொடுத்தாலும், வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள்.