கடலைக் காட்டுக்குக் கொண்டு வரும் மீன்

மலைக்காட்டு மரத்தின் இலையில் கடலின் அடையாளம் இருக்குமா? வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளை ஒட்டிய காடுகளில் இருக்கிறது. அதைக் கொண்டு வருவது சால்மன் என்னும் மீன்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிட மீண்டும் பிறந்த ஆற்றுக்கே வருகிறது. இளமையில் அறிந்த ஆற்றுநீரின் மணமே இறுதிக் கட்டத்தில் அதற்கு வழிகாட்டி. பசிபிக் சால்மன் இனங்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் இறந்து விடுகின்றன. கரடிகள் அவற்றைக் கரைக்கு இழுத்துச் சென்று தின்கின்றன. எஞ்சியது மண்ணுக்கு உரமாகிறது.

இதை எப்படி அறிந்தார்கள்? சாதாரண நைட்ரஜன் அணுக்கருவில் 7 நியூட்ரான்கள் உள்ளன. நைட்ரஜன்-15 என்னும் ஐசோடோப்பில் 8 உள்ளன. கடலில் வளர்ந்த சால்மனின் உடலில் இந்தக் கனமான வகை சற்றுக் கூடுதலாகக் காணப்படும். ஆற்றோர மரங்களிலும் அதே கூடுதலைக் கண்டனர்.

அக்கரையின் பழங்குடியினர் பலர் சால்மனை, மனிதருக்கு உணவாக மனமுவந்து வரும் ஓர் உறவாகவே கருதுகின்றனர். ஆண்டின் முதல் சால்மனை விருந்தினரைப் போல் வரவேற்று, ஊரார் பகிர்ந்துண்டு, எலும்புகளை ஆற்றிலேயே சேர்ப்பது பல குடிகளின் வழக்கம். சடங்கு முடியும்வரை மீன்பிடிப்பை நிறுத்தி வைப்பதும் உண்டு. அந்த இடைவெளியில் முதலில் வரும் மீன்கள் தடையின்றி மேலேறி முட்டையிடும் அல்லவா? நன்றியறிதலுக்கான சடங்கு, ஆற்றின் வளத்தையும் காக்கிறது.

இந்த உறவு அறுந்த இடம் ஒன்று உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் மலைகளிலிருந்து இறங்கும் எல்வா ஆறு, கிளாலம் மக்களின் ஆறு. அதன் குறுக்கே மின்சாரத்துக்காக 1913-இல் சுமார் 33 மீட்டர் உயர அணையும், 1927-இல் சுமார் 64 மீட்டர் உயர அணையும் கட்டி முடிக்கப்பட்டன. நீரின் நிறை, உயரம், புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் நிலையாற்றல் கிடைக்கும். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் மீன் அதில் இடம் பெறவில்லை. மீன் ஏறும் வழி எந்த அணையிலும் அமைக்கப்படவில்லை. சுமார் 72 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றில் கடைசி 8 கிலோமீட்டர் மட்டுமே சால்மனுக்கு எஞ்சியது. தங்கள் குலம் தோன்றியதாகக் கிளாலம் மக்கள் போற்றும் புனித இடமும் நீருக்குள் மூழ்கியது.

அம்மக்கள் நெடுங்காலம் போராடினர். 1992-இல் ஆற்றை மீட்கச் சட்டம் வந்தது. 2011 முதல் 2014 வரை இரு அணைகளும் அகற்றப்பட்டன. 2012-இல், வற்றிய நீர்த்தேக்கத்தில் அந்தப் புனித இடம் மீண்டும் வெளிப்பட்டது. சால்மன்கள் மேலேறத் தொடங்கின. 2023-இல், அணைகள் நீங்கிய எல்வாவில் கிளாலம் மக்கள் முதன்முறையாகச் சடங்குக்கும் உணவுக்குமாகக் கோஹோ வகைச் சால்மனைப் பிடித்தனர்.

ஓர் ஆற்றின் பயனை யூனிட்டுகளில் மட்டும் அளக்கலாமா? அடுத்த முறை அணை ஒன்றைக் காணும்போது, அதன் கீழே காத்து நிற்கும் உயிர்களையும் எண்ணிப் பாருங்கள்.