தறிக்குழியும் பதினான்காம் மாடியும்

கூடுவாஞ்சேரியில் குழித்தறி ஓடிய காலத்தில் நெசவாளியின் கால்கள் பகல் முழுவதும் மண்ணுக்குள் இருந்தன. தரையில் தோண்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒரு கை நாடாவை ஓட்டும், மறு கை பலகையை இழுத்து அடிக்கும். பார்வை இழையைவிட்டு நகரக்கூடாது. காலும் கையும் கண்ணும் மூச்சும் ஒரே தாளத்தில் போகவில்லை என்றால் துணியில் தெரிந்துவிடும். பொழுது சாய்ந்து குழியைவிட்டு எழுகிற உடம்பில் ஓய்வு கேட்கும் அசதி இருக்கும். மனம் ஏற்கெனவே பாதி அடங்கியிருக்கும்.

அந்த ஊரில், அந்தத் தொழில் செய்த குடும்பத்தில் 1911 ஆகஸ்ட் 14 அன்று பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தறியில் உட்கார்ந்தவர், மணமானவர், தொழில் நடத்தி லாபமும் நட்டமும் பார்த்தவர். மருத்துவம் கற்றார். பரஞ்சோதி மகானிடம் குண்டலினி தீட்சை பெற்றார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். காட்டுக்கும் குகைக்கும் போகாத ஓர் இல்லறத்தான் தவமுறை வகுத்தால் அது எப்படி இருக்கும் என்பதை அவருடைய மனவளக்கலையில் பார்க்கலாம். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல் என்று உடம்பைக் கவனிக்கிற வரிசை ஒன்று அதில் உண்டு. தவமும் மேல்நோக்கி மட்டும் போவதில்லை. புருவ மத்தியில் நிற்கும் ஆக்கினைத் தவத்தைக் கற்றுக்கொடுத்ததும் அடுத்துக் கற்றுக்கொடுப்பது சாந்தி தவம். மேலே ஏறிய ஆற்றலை முதுகுத்தண்டின் அடியில், மூலாதாரத்துக்கு இறக்கி நிறுத்தும் பயிற்சி அது. உச்சந்தலையில் செய்யும் துரியத் தவத்தை அதற்குப் பிறகுதான் தருவார்கள். ஏறுவதற்கு முன் இறங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற இந்த வரிசையை அவருடைய பெரிய கொடைகளில் ஒன்றாக நான் நினைக்கிறேன். குடும்பமும் தொழிலும் உள்ளவர்களுக்குத் தவம் சொல்ல வந்தவருக்கு இந்தக் கவனம் இருந்தது இயல்புதான்.

பழைய மரபில் இன்னொரு விதி உண்டு. வெறுந்தரையில் உட்கார்ந்து தியானம் செய்யக்கூடாது. மணைப்பலகை வேண்டும், அல்லது தர்ப்பைப் பாய், கம்பளி, மான்தோல். பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயமே தர்ப்பை, அதன்மேல் தோல், அதன்மேல் துணி என்று அடுக்கிச் சொல்கிறது. தவத்தில் எழும் ஆற்றலை மண் இழுத்துக்கொள்ளும் என்பது பெரியவர்கள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை அளந்து பார்க்க முடியாது. ஆனால் அந்த விதியைக் கடைப்பிடித்தவர்களின் மற்ற நேரங்களைப் பார்க்க முடியும். விடியுமுன் வாசல் தெளித்து, குனிந்து கோலமிட்டு, கிணற்றில் நீர் இறைத்து, அம்மியில் அரைத்து, ஆட்டுக்கல்லைச் சுற்றி, வெறுங்காலோடு வயலுக்கும் கோயிலுக்கும் நடந்து, தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, தரையிலேயே படுத்தவர்கள் அவர்கள். நாள் முழுக்க மண்ணோடு கிடந்தவர்களுக்கு அந்தச் சிறு பொழுது மட்டும் ஒரு பலகை உயரம் விலகல் தேவைப்பட்டது.

நம்முடைய நிலை நேர் எதிர். செருப்பு, ஓடு பதித்த தரை, மின்தூக்கி, வண்டி, சுழல் நாற்காலி, கட்டில். மண்ணில் கால்படாமலே ஒரு வாரம் கழிகிறது. விலகல் இப்போது வாழ்க்கையாகவே ஆகிவிட்டது. இந்த வாழ்க்கையின்மேல் தியானத்தையும் கொண்டுவந்து வைக்கும்போது, அன்று யாரும் கேட்கத் தேவையில்லாமல் கிடைத்த ஒன்றை நாம் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். 1896 செப்டம்பர் 1 அன்று அங்கே வந்த, பின்னாளில் ரமணர் எனப்பட்ட, பதினாறு வயது வேங்கடராமன் ஆயிரங்கால் மண்டபத்திலும் பிறகு பாதாள லிங்கக் குகையிலும் உட்கார்ந்தார். பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியும் அவருக்குத் தெரியவில்லை. யாராவது வாயில் ஊட்டினால் சாப்பாடு. ரமணர் என்றதும் பலர் மனத்தில் முதலில் வருவது இந்தக் காட்சிதான். தவம் என்றால் உடம்பை மறப்பது என்று முடிவுகட்டுவதும் இதை வைத்துத்தான். அதற்குப் பிறகு வந்த நீண்ட காலத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1916இல் தாய் அழகம்மாள் வந்து சேர்ந்தார், மலையில் அடுப்பு மூண்டது. 1922இல் அவர் மறைந்தபின் அடிவாரத்தில் ஆசிரமம் உருவாயிற்று. அங்கே ரமணர் பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து அடுக்களைக்குப் போனார். காய் நறுக்கினார், சட்டினி அரைத்தார், இலை தைத்தார். உப்பும் புளியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், ஒரு பருக்கையும் வீணாகவிடமாட்டார். அன்பர்களோடு மலையைச் சுற்றினார்; அது 14 கிலோமீட்டர் நடை. தன்னை விசாரிக்கச் சொன்ன ஞானி, விசாரிக்க வந்தவர்களின் கையில் அரிவாள்மணையையும் தந்தார். குகையைவிட இந்த அடுக்களைதான் நமக்கு அதிகம் கற்றுத்தரும்.

வடலூரில் வள்ளலார் 1867இல் தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். சத்திய ஞானசபை அதற்குப் பின்னால்தான் எழுந்தது. முதலில் பசிக்குச் சோறு, பிறகு ஜோதி.

இன்றைய கூடுவாஞ்சேரிக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். சற்று வடக்கே கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து முனையம் திறந்தபின் போக்குவரத்து இன்னும் கூடியிருக்கிறது. தறிச் சத்தம் கேட்ட ஊரில் இப்போது கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் பத்தாவது, பதினான்காவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். இரவு வெகுநேரம் வரை அமெரிக்காவோடு கூட்டம். அசதி முழுவதும் தலையில்; கால்கள் எந்த வேலையும் செய்திருக்காது. அந்த நேரத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கைப்பேசிச் செயலி சொல்லும் குரலைக் கேட்டுக் கண்ணை மூடுகிறார்கள். நெசவாளி அசந்த உடம்போடும் பாதி அடங்கிய மனத்தோடும் தவத்துக்கு வந்தார். இவர்கள் அசையாத உடம்போடும் கொதிக்கிற மனத்தோடும் வருகிறார்கள். பயிற்சி ஒன்றாகவே இருந்தாலும் பலன் எப்படி ஒன்றாக இருக்கும்?

யோகத்தின் எட்டு உறுப்புகளில் தியானம் ஏழாவது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை எல்லாம் தாண்டித்தான் அது வருகிறது. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் வரிசையாக விளக்குகிறார். உடம்பை முன்பு இழிவாக எண்ணியிருந்ததையும், அதற்குள்ளேயே உத்தமன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் சொன்னவர் அவர். செயலியில் முதல் நாளே ஏழாம் படி திறந்திருக்கிறது. ஆறு படிகளை ஏறாமல் விட்டுவிட்டோம் என்பதே பலருக்குத் தெரியாது.

அப்படிப் படிகளை விட்டுவிட்டு வந்தவர்களில் சிலர் படும் பாட்டைத் தியான வட்டாரங்களில் அடிக்கடி கேட்கலாம். நெற்றியில் விடாத அழுத்தம், உச்சந்தலையில் பாரம், உடம்பெல்லாம் சூடு, தூக்கமின்மை, காரணமில்லாத பயம், வீட்டார் பேசுவது தூரத்தில் கேட்பதுபோன்ற விலகல். ‘தவம் ஏறிடுச்சு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. அது தேர்ச்சி அல்ல, அவர்களை அப்படி விட்டுவிடக்கூடாது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாரெட் லிண்டாலும் வில்லோபி பிரிட்டனும் மேலைநாட்டுப் பௌத்தத் தியானிகளையும் ஆசிரியர்களையும் நேரில் கேட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அனுபவங்கள் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. உறக்கம் கெடுவது, அச்சம், ஒளியும் ஒலியும் தாங்க முடியாத கூர்மை, உடம்பில் ஆற்றல் பாய்வதுபோன்ற உணர்வு என்று நீள்கிறது பட்டியல்.

ஜப்பானில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஹகுயின் என்ற ஜென் குரு இதைத் தன் உடம்பிலேயே அனுபவித்து எழுதியிருக்கிறார். கடுந்தவத்தில் சூடு தலைக்கு ஏறி, கால்கள் பனிக்கட்டியாகக் குளிர்ந்துபோயினவாம். உச்சந்தலையில் மணமுள்ள வெண்ணெய் உருண்டை இருப்பதாகவும், அது உருகித் தோள், மார்பு, வயிறு, தொடை வழியாக உள்ளங்கால் வரை இறங்குவதாகவும் பாவனை செய்யும் முறையால் மீண்டதாக அவர் சொல்கிறார். சாந்தி தவத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். கடலுக்கு அப்பால், வேறு மொழியில், வேறு சமயத்தில், மருந்து ஒரே திசையில்தான் போகிறது: மேலிருந்து கீழே.

அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. ஆட்டுக்கல்லைச் சுற்றிய பெண்ணுக்குத் தீட்சை கொடுக்க எத்தனை குருமார்கள் முன்வந்தார்கள்? சாதி பார்த்து, ஆண் பெண் பார்த்து, காதோடு காதாகச் சொல்லப்பட்ட வித்தை அது. தறிக்குழியில் கால் நரம்பு சுருட்டிக்கொண்டு முடங்கியவர்களும் உண்டு. இன்று மனவளக்கலை மன்றங்களில் பெண்கள் ஆசிரியர்களாக இருந்து கற்றுத்தருகிறார்கள். சிற்றூர்களிலும் யார் வேண்டுமானாலும் போய்க் கற்கலாம். இந்த விரிவை ஒருபோதும் இழக்கக்கூடாது. ஆனால் விரிவில் ஒன்று நழுவிவிட்டது. முன்பு குரு முகத்தைப் பார்த்தே சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பார். தேவையென்றால் தவத்தை நிறுத்தி மாட்டுக்குப் புல் அறுத்துவர அனுப்புவார். செயலி தொடர்ச்சியாக எத்தனை நாள் உட்கார்ந்தோம் என்று எண்ணிக் காட்டும். ஒரு நாள் நிறுத்து என்று அது சொல்லாது.

இறங்கும் பயிற்சியும் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. கம்பி இழையோடிய விரிப்பை வாங்கி மின்செருகியின் நிலக்கம்பியோடு இணைத்துக்கொண்டால் பூமியின் மின்துகள்கள் உடம்பில் ஏறும் என்கிறார்கள். நான் அதற்குக் காசு செலவழிக்கச் சொல்லமாட்டேன். காலையில் பூங்காவின் மண்பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் நடக்கச் சொல்வேன். உள்ளங்காலில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. கல்லும் ஈரமும் குத்தும்போது கவனம் தானாகக் கீழே வருகிறது. (சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது வேண்டாம், காயம் பட்டாலும் தெரியாது.) சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், இரவில் உள்ளங்காலில் தடவும் விளக்கெண்ணெய், நேரத்துக்குச் சாப்பிடும் சூடான சோறு, இவையெல்லாம் நம் வீடுகளில் இருந்தவைதான். தவம் செய்கிறேன் என்று சோற்றைக் குறைத்துத் தூக்கத்தையும் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

வயதானவர்களுக்காகப் பல இடங்களில் நாற்காலி போடுகிறார்கள், நல்லதுதான். நாற்காலியில் உட்காருகிறவர்கள் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி வைத்து, கண்ணை மூடுமுன் சற்று நேரம் பாதத்திலேயே கவனத்தை நிறுத்தலாம். முடித்தபின் உடனே கைப்பேசியை எடுக்காமல் கையைத் தேய்த்து, முகத்தைத் தொட்டு, எழுந்து ஒரு பாத்திரத்தைக் கழுவலாம். தவத்துக்கும் வீட்டுக்கும் நடுவே சிறு வேலை ஒன்று இருந்தால் வீட்டுக்காரர்கள்மேல் எரிந்துவிழுவதும் குறைகிறது.

இதையெல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லை, பயம் போகவில்லை, யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தவம் தொடங்குமுன்பே பார்க்க வேண்டும், மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. சில மாதம் உட்காராமல் இருப்பதால் எந்தத் தவமும் வீணாகாது. அந்த நாட்களில் நடக்கட்டும், சமைக்கட்டும், வீட்டுப் பெரியவருக்குக் கால் பிடித்துவிடட்டும். மருத்துவர் சரி என்றபின் மறுபடி தொடங்கும்போது, கண் முன்னால் ஓர் ஆசிரியர் இருக்கும் இடத்தில், ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கட்டும்.