குளிரில் தயங்கும் சுழலி எஞ்சின்



தென்னாட்டுச் சமவெளியில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதிகம் அறியாத ஒரு சங்கடத்தை, வடக்கே குடியேறிய நம்மவர் மார்கழி, தை மாதங்களில் நன்கு அறிகின்றனர். தில்லியில் அந்நாட்களின் இரவு வெப்பம் சிற்சில வேளைகளில் 4, 5 பாகைக்கு இறங்கிவிடுகிறது. சிம்லா, ஸ்ரீநகர் முதலிய இடங்களிலோ நீர் உறையும் நிலைக்கும் கீழே செல்கிறது. முதல் நாள் மாலை தடையின்றி ஓடிய வண்டி, மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் முனகுகிறது. நெடுநேரம் சுழன்ற பின்னரே உயிர் பெறுகிறது. பெட்ரோல் வண்டிகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு இது. ஆயினும், இதன் காரணங்கள் யாவும் மிகத் தெளிவாக வெளிப்படும் வண்டி ஒன்று உண்டு. அதுவே சுழலி எஞ்சின் பூண்ட வண்டி. நம் நாட்டுச் சாலைகளில் அதனைக் காண்பது அரிது. எனினும் அதன் நோயையும், அந்நோயை ஆராயும் முறையையும் அறிந்துகொண்டால், நம் வாயிலில் நிற்கும் சாதாரண வண்டியின் குளிர்காலத் தயக்கமும் எளிதில் விளங்கும்.

முதலில் அவ்வெஞ்சினின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல் என்பவர் கருதிய இவ்வமைப்பு, அந்நாட்டு என்.எஸ்.யு. நிறுவனத்தில் உருப்பெற்றது, அதன் முதல் மாதிரி 1957-ல் இயங்கியது. 1967-ல் அந்நிறுவனம் 'ஆர்.ஓ. 80' என்னும் வண்டியையும், ஜப்பானில் ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா நிறுவனம் 'காஸ்மோ ஸ்போர்ட்' என்னும் வண்டியையும் வெளியிட்டன. பின்னர் மாஸ்டாவே இத்துறையில் நிலைத்து நின்றது. 1978 முதல் 2002 வரை 'ஆர்.எக்ஸ்.-7', 2003 முதல் 2012 வரை 'ஆர்.எக்ஸ்.-8' எனும் வண்டிகள் அங்கிருந்து வந்தன. 1991-ல் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 24 மணி நேரம் நடைபெறும் புகழ்பெற்ற பந்தயத்தில் வென்றதும் மாஸ்டாவின் சுழலி எஞ்சின் வண்டியே. எனவே, இவ்வெஞ்சின் திறமையற்றது என்று எவரும் கூறார். அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் என்னும் உருளை, சிலிண்டருக்குள் மேலும் கீழுமாகச் செல்லும். இதிலோ பிஸ்டன் இல்லை. அதற்குப் பதிலாக, பக்கங்கள் சற்றே உப்பிய முக்கோண வடிவமுள்ள ஓர் உறுப்பு, இடை ஒடுங்கிய நீள்வட்டக் கூடு ஒன்றினுள் சுழல்கிறது. அதனையே 'சுழலி' என்கிறோம். சுழலியின் மூன்று பக்கங்களுக்கும் கூட்டின் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் அமைகின்றன. சுழலி சுற்றச் சுற்ற, ஒவ்வோர் அறையும் விரிந்து காற்றையும் பெட்ரோலையும் இழுக்கிறது. பிறகு சுருங்கி அவற்றை அமுக்குகிறது. பொறி பட்டதும் எரிந்து விரிகிறது. ஈற்றில் புகையை வெளியேற்றுகிறது. சுழலி ஒரு முறை சுற்றும்போது, சக்தியை வெளியே கொணரும் தண்டு மூன்று முறை சுற்றுகிறது. ஆர்.எக்ஸ்.-8 வண்டியில் தலைக்கு 654 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு சுழலிகள் உள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியவை முக்கோணத்தின் மூன்று முனைகள். ஓர் அறையின் காற்று அடுத்த அறைக்குக் கசியாமல் காப்பவை, ஒவ்வொரு முனையிலும் பதித்துள்ள மெல்லிய உலோகப் பட்டைகளே. அவை கூட்டின் சுவரை இடைவிடாது உராய்ந்து செல்வன. அந்த உராய்வைத் தாங்குவதற்கென்றே இவ்வெஞ்சின் தன் எண்ணெயில் சிறு துளியை அறைக்குள் செலுத்தி, பெட்ரோலுடன் எரித்துவிடுகிறது. எண்ணெயின் படலம் வழுவழுப்பைத் தருவதோடு, பட்டைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட நுண்ணிய இடைவெளியை அடைக்கவும் செய்கிறது. இவ்வுண்மையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் வருவன யாவும் புலப்படும்.

ஓர் எஞ்சின் புறப்படுவதற்கு நான்கு வேண்டும்: போதிய வேகத்தில் சுழற்சி, எரியத் தக்க கலவை, தக்க நேரத்தில் பொறி, போதிய அமுக்கம். இந்த அமுக்கத்தையே பட்டறைகளில் 'கம்ப்ரெஷன்' என்பர். குளிர் இந்நான்கில் முதல் இரண்டையும் நேராகவே தாக்குகிறது. பாட்டரிக்குள் நிகழும் இரசாயன மாற்றம் குளிரில் மந்தமாகிறது. ஆகவே அது தரும் மின்சாரம் குறைகிறது. அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகிறது. ஆகவே சுழற்றுவதற்கு வேண்டிய வலிமை மிகுகிறது. வரவு குறைந்து செலவு மிகும் குடும்பத்தின் நிலை இதுவே. பெட்ரோலோ குளிரில் எளிதாக ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் எரியாது. அதனை ஈடுசெய்ய வண்டி வழக்கத்தினும் மிகுதியான பெட்ரோலை உள்ளே தெளிக்கிறது.

சுழலி எஞ்சினுக்கு இவற்றோடு மற்றொரு துன்பமும் சேர்கிறது. பட்டைகளின் ஓரங்களில் எப்போதும் சிறிது கசிவு உண்டு. தண்டு விரைவாகச் சுழன்றால், காற்று கசிவதற்குள் அமுக்கம் உருவாகிவிடும். மெல்லச் சுழன்றால் கசிவுக்குக் காலம் கிடைக்கிறது, அமுக்கம் தாழ்கிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சின்கூட, பாட்டரி சோர்ந்த காலையில் தேய்ந்த எஞ்சினைப் போல் நடிக்கும்! ஆர்.எக்ஸ்.-8 வண்டிக்கு மாஸ்டா விதித்த அமுக்க அளவு, தண்டு நிமிடத்துக்கு 250 சுற்று சுழலும்போது 830 கிலோபாஸ்கல். 680-க்குக் கீழே இறங்கினால் எஞ்சின் தேய்ந்ததெனக் கொள்ள வேண்டும். '250 சுற்று' என்ற நிபந்தனையே இதன் உயிர்நாடி. சுற்றைக் குறிக்காமல் அமுக்கத்தை மட்டும் கூறும் அறிக்கையால் யாதொரு பயனும் இல்லை. பிற்காலத்தில் மாஸ்டா இவ்வண்டிக்கு வலிமை மிகுந்த ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பொருத்தியதும் இக்காரணம் பற்றியே.

இனி, ஆராயும் முறைக்கு வருவோம். எந்தக் கருவியையும் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டி குளிர்ந்திருக்கும்போது தயங்குகிறதா, அல்லது நன்றாக ஓடிச் சூடேறி நின்ற பின் தயங்குகிறதா? இவ்விரண்டும் வெவ்வேறு கதைகளைச் சொல்கின்றன. எஞ்சின் சூடாக இருக்கையில் எண்ணெய் இளகி மெலிந்துவிடுகிறது. இடைவெளியை அடைக்கும் துணை நீங்குகிறது. அப்போது பட்டைகள் தம் சொந்த வலிமையால் மட்டுமே அமுக்கத்தைக் காக்க வேண்டும். ஆகவே, சூட்டில் புறப்பட மறுக்கும் சுழலி எஞ்சின் பெரும்பாலும் உள்ளே தேய்ந்த எஞ்சின். சூட்டில் உடனே புறப்பட்டு, குளிரில் மட்டும் தாமதிப்பதாயின், குற்றம் பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. இவ்வேறுபாட்டை உணராமையால் பாட்டரியின் பிழைக்கு எஞ்சினைத் தண்டிப்போரும் உண்டு. எஞ்சினின் எச்சரிக்கையைப் பாட்டரியின் மேல் ஏற்றிக் காலங்கடத்துவோரும் உண்டு. முன்னவர்க்குப் பொருள் வீண்; பின்னவர்க்கு நடுவழியில் நிற்கும் அவலம்.

குளிர்காலத் தயக்கத்தில் முதற்கண் ஆராய வேண்டியது பாட்டரி. இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது அது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே வீழ்ந்தால் பாட்டரியை ஐயுற வேண்டும். அதற்குமுன் பாட்டரியின் முனைகளைப் பாருங்கள். அவற்றில் பூத்திருக்கும் வெண்ணிற, பசுநிறப் பொடியே மின்சாரத்தைத் தடுத்துவிடும். அதனைத் துடைத்து, இணைப்புகளை இறுக்குவதற்குச் செலவே இல்லை. எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் 'எர்த்' கம்பியையும் அவ்வாறே நோக்குக. பாட்டரி ஓரளவு வாயுவை வெளிவிடுமாதலால், அதனருகே தீக்குச்சியோ சிகரெட்டோ ஆகாது.

இரண்டாவது, ஸ்டார்ட்டர் மோட்டார். பாட்டரி முழு வலிமையோடு இருந்தும் எஞ்சின் சோம்பிச் சுழன்றால் குற்றம் இதனிடம். காதே இங்கு நல்ல கருவி. கோடையில் கேட்ட ஒலியின் தாளத்தோடு குளிர்காலத் தாளத்தை ஒப்பிடுக.

மூன்றாவது, எண்ணெய். எண்ணெய்க் குப்பியின் மேல் '5 டபிள்யூ 30' என்றவாறு எழுதியிருக்கும். முன்னுள்ள எண் குளிரில் அதன் கெட்டித்தன்மையைக் குறிப்பது. அவ்வெண் சிறிதாக இருக்கும் அளவுக்குக் குளிரில் எளிதாக ஓடும். வண்டியின் கையேடு கூறும் எண்ணெயை விட்டு, கெட்டியான எண்ணெய் நன்மை தரும் என்று கருதி ஊற்றுவோர் பனிக்காலத்தில் அதன் பலனை அனுபவிக்கின்றனர். சுழலி எஞ்சின் எண்ணெயை எரிப்பதாதலால் அளவையும் அடிக்கடி பார்த்தல் வேண்டும்.

நான்காவது, பொறி. ஆர்.எக்ஸ்.-8 வண்டியில் ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டாக நான்கு ஸ்பார்க் பிளக்குகளும், அவற்றுக்கு நான்கு காயில்களும் உள்ளன. இவ்விரண்டு பிளக்குகளும் ஒரே வகையின அல்ல. இடம் மாற்றிப் பொருத்தலாகாது. காயில் நலிந்தால் பொறி மெலிகிறது. ஈரமான குளிர்க் கலவையை மெலிந்த பொறியால் பற்றவைக்க இயலாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று, அங்குள்ள புகை தூய்மிக்கும் கருவியையும் கெடுத்துவிடும். ஆகவே காயிலில் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. எஞ்சினின் வெப்பத்தை வண்டியின் கணிப்பானுக்கு அறிவிக்கும் சிறு உணர்கருவியையும் சோதிக்க வேண்டும்; அது பொய் உரைத்தால், குளிர்ந்த எஞ்சினைச் சூடானதென்று எண்ணிக் கணிப்பான் பெட்ரோலைக் குறைத்துவிடும்.

இவை யாவும் சரியாயிருந்தும் தயக்கம் நீங்கவில்லையெனில், அப்போதே அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். பட்டறையில் உள்ள சாதாரண அளவுமானி மூன்று அறைகளுள் மிகுந்த அளவை மட்டுமே காட்டும். ஒன்று கெட்டிருந்தாலும் மறைந்துவிடும். மூன்றையும் தனித்தனியே காட்டும் சுழலிக்குரிய மானியே தேவை. மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு 150 கிலோபாஸ்கலை மிஞ்சலாகாது. இவ்வெஞ்சினின் தேய்வு கற்பனையன்று. 2008-ல் மாஸ்டா அமெரிக்காவில் விற்ற ஆர்.எக்ஸ்.-8 எஞ்சின்களுக்கு உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 100,000 மைல் என நீட்டித்தது.

ஓட்டுவோர் தம் பழக்கத்தால் வருவித்துக்கொள்ளும் நோயும் ஒன்றுண்டு. குளிர்ந்த வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே நகர்த்தி உடனே அணைத்துவிடுவதே அது. அப்போது மிகுதியாகத் தெளித்த பெட்ரோல் எரியாமல் அறையில் தங்கி, பிளக்குகளை நனைத்து, சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. படலம் போனால் அமுக்கமும் போயிற்று. அடுத்த முறை வண்டி புறப்படாது. இதனைப் 'பிளட்' ஆகிவிட்டது என்பர். அப்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு எஞ்சினைச் சில விநாடி சுழற்ற வேண்டும், ஆர்.எக்ஸ்.-8 வண்டியில் அந்நிலையில் பெட்ரோல் நின்றுவிட, உள்ளிருக்கும் ஈரத்தைக் காற்று வெளியேற்றும். இடையிடையே ஸ்டார்ட்டர் ஆற நேரம் விடுக. நோய் வாராமல் காப்பதே சிறந்தது. ஒருமுறை எழுப்பிய எஞ்சினை, நன்றாகச் சூடேறும் வரை அணைக்காதீர்கள்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த கொட்டகையில் எந்த வண்டியையும் ஓடவிட்டுச் சூடேற்றலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அறியாமலே உயிரைக் கவர்ந்துவிடும். வண்டியைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, மிதமான வேகத்தில் ஓட்டிச் சூடேற்றுவதே முறை.

தேய்ந்த பட்டைகளைத் தவிர மேற்கூறிய யாவும் நம் சாதாரணப் பெட்ரோல் வண்டிக்கும் பெரிதும் பொருந்துவன. ஆகவே குளிர்காலம் தொடங்குமுன், ஐப்பசி, கார்த்திகையிலேயே பாட்டரியைச் சோதித்து, முனைகளைத் துடைத்து, கையேடு கூறும் எண்ணெயை மாற்றிவிடுங்கள். அதன் பிறகும் வண்டி தயங்கினால், பட்டறைக்குச் சென்று 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்று மட்டும் கூறாதீர்கள். குளிரிலா சூட்டிலா, விரைந்து சுழன்றா மெல்லச் சுழன்றா என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். அவ்விரு விடைகளைப் பெற்ற மெக்கானிக், எஞ்சினைப் பிரிக்குமுன் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வார்.