சைதாப்பேட்டை முதல் திருவில்லிபுத்தூர் வரை

நுழையும்முன்

உழவு என்பது பள்ளிக்குச் செல்லாமலே கைவரும் தொழில் என்று எண்ணுவோர் உண்டு. ஆய்வுக்கூடத்தில் பிறப்பதே அறிவு என்று எண்ணுவோரும் உண்டு. இவ்விரண்டும் முழு உண்மையல்ல என்பதை, ஒரு வேளாண் பள்ளி மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்த வரலாறு விளக்குகிறது.

இழையால் இணைந்த ஊர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்தவை திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். இவ்வட்டாரத்தின் வாழ்வில் பருத்திக்குத் தனியிடம் உண்டு. 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையத்தில் நூற்பாலையை நிறுவினார். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்யப்படுகிறது. ஆலைக்கு வேண்டியது நீண்ட, உறுதியான இழை. உழவருக்கு வேண்டியதோ, கிடைக்கும் நீரில் விளைந்து பூச்சியையும் நோயையும் தாங்கி நிற்கும் செடி. இவ்விரு தேவைகளையும் ஒரே செடியில் நிறைவேற்ற முயல்கிறது, திருவில்லிபுத்தூரிலுள்ள பருத்தி ஆராய்ச்சி நிலையம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கிளைகளுள் இதுவும் ஒன்று. அப்பல்கலைக்கழகத்தின் வேரைக் காணச் சைதாப்பேட்டைக்குச் செல்லவேண்டும்.

தொடக்கமும் படிப்பினையும்

1860களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன், இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, கதிரடிக்கும் பொறி முதலியவற்றை வரவழைத்து, சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஒரு மாதிரிப் பண்ணையை அமைத்தார். அங்கு 1868இல் வேளாண் பள்ளி தோன்றியது. நம் உழவருக்குப் புதுமுறைகளைக் கற்பிப்பதே அதன் நோக்கம். ஆனால், அயல்நாட்டின் பெரும்பண்ணைகளுக்கென உருவான கருவிகள், ஏர்மாட்டை நம்பிச் சிறுநிலத்தை உழுதவர்க்குப் பொருந்தவில்லை.

1876 முதல் 1878 வரை நீடித்த கொடும்பஞ்சம், வேளாண்மையில் அரசு கவனம் செலுத்தவேண்டியதன் தேவையை உணர்த்தியது. இந்திய வேளாண்மையை ஆராய 1889இல் அனுப்பப்பட்ட வேதியியல் அறிஞர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், இந்திய உழவர் ஆங்கிலேய உழவருக்குத் தாழ்ந்தவரல்லர். சிலவற்றில் மேம்பட்டவர் என்று பதிவுசெய்தார். கற்பிக்க வந்தவர்கள் கற்கவும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

கோவையில் விளைந்த அறிவு

1906இல் அந்நிறுவனம் கோயம்புத்தூருக்கு மாறியது. நன்செயும் கரிசலும் அருகருகே அமைந்த அவ்வூர் ஆராய்ச்சிக்கு ஏற்றதாக இருந்தது. 1912இல் அங்கு நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. உழவர் காத்துவந்த நெல்வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24 என்னும் நெல், 1921இல் வெளியிடப்பட்டது. பின்னர்ப் புகழ்பெற்ற ஐ.ஆர். 20 நெல்லின் முன்னோர்களுள் இதுவும் ஒன்று. உழவர் காத்த விதையே ஆய்வாளரின் முதலாக அமைந்தது.

அதே 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையமும் கோவையில் உருவானது. பார்பரும் தி.சு. வேங்கடராமனும் சாறு மிகுந்த கரும்போடு காட்டுநாணலைக் கலப்பினம் செய்து, வடஇந்தியாவின் குளிரைத் தாங்கும் 'கோ 205' என்னும் கரும்பைப் படைத்தனர். பயனற்றதெனக் கருதப்பட்ட நாணல் கரும்புக்கு வலிமை தந்தது.

1920இல் கோவை வேளாண் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. பிற்காலத்தில் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த எம்.எஸ். சுவாமிநாதன் இக்கல்லூரியில் பயின்றவரே.

பல்கலைக்கழகமாதல்

விடுதலைக்குப்பின், இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக்குழு ஊரகப் பல்கலைக்கழகங்களின் தேவையை வலியுறுத்தியது. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தால், அரசு வழங்கிய நிலத்தைக் கொண்டு வளர்ந்த கல்லூரிகள் முன்மாதிரியாயின. 1960இல் பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1965இல் மதுரையில் இன்னொரு வேளாண் கல்லூரி எழுந்தது. கோவை, மதுரைக் கல்லூரிகளை அடித்தளமாகக் கொண்டு, 1971 சூன் முதல் நாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றும் அதன் கடமைகள். ஆய்வின் பயனை உழவரிடம் சேர்ப்பதும், உழவரின் சிக்கலை ஆய்வாளரிடம் கொணர்வதுமே விரிவாக்கம். 1974இல் இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் அமைந்தது.

வயல் எழுப்பிய வினா

இவ்வளர்ச்சியைக் கேள்விக்கு உட்படுத்தியவரும் உண்டு. 1960களில் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கோ. நம்மாழ்வார், விலையுயர்ந்த இடுபொருள்களைக் கொண்டு செய்யும் ஆய்வு, வானம் பார்த்த மானாவாரி உழவருக்கு எவ்வாறு பயன்படும் என்று வினவினார். 1969இல் பணியைத் துறந்தார். பின்னர் இயற்கை வேளாண்மைக்கே தம் வாழ்வை ஒப்படைத்தார். 'இந்த ஆய்வு யாருக்காக?' என்னும் வினா ஒவ்வோர் ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலிலும் இன்றும் நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

பயிர் இரகத்தின் பெயரிலேயே அது பிறந்த ஊர் மறைந்திருக்கும். 'கோ' என்பது கோயம்புத்தூர், 'ஏ.டி.டி.' என்பது ஆடுதுறை, 'எஸ்.வி.பி.ஆர்.' என்பது திருவில்லிபுத்தூர். 'எம்.சி.யு.' என்னும் பருத்திப் பெயர் மதராஸ், கம்போடியா, உகாண்டா ஆகியவற்றின் முதலெழுத்துகளால் ஆனது.

விதையின் பயணம்

எஸ்.வி.பி.ஆர். 2 போன்ற பருத்தி இரகங்கள் திருவில்லிபுத்தூர் நிலையத்தில் உருவானவை. ஓர் இரகம் ஒரே நாளில் பிறப்பதில்லை. இரு செடிகளைக் கலப்பினம் செய்து, அதன் வழித்தோன்றல்களுள் சிறந்தவற்றைத் தலைமுறைதோறும் தேர்ந்தெடுக்கவேண்டும். பின்னர்ப் பல ஊர்களில் பயிரிட்டு, பழைய இரகங்களோடு ஒப்பிடவேண்டும். இறுதித் தேர்வு உழவரின் நிலத்திலேயே நடைபெறும்.

கற்பிக்க வந்த பள்ளி, கற்கத் தொடங்கியபோதே வளர்ந்தது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் வேளாண்மை பயில வரும்போது, தம் பெற்றோரின் பட்டறிவையும் உடன்கொண்டு வருகின்றனர். அதனை மறவாமல் அறிவியலைக் கற்பவரே நாளை வயலின் வினாவுக்கு விடை காண்பர்.