வெளியேறுதல் என்னும் மறுப்பு: அக்கரைச் சீமையும் சாதியும்



இரட்டைமலை சீனிவாசனாரின் நினைவில் இங்கே கூடியிருக்கிறோம். அவரைப் பற்றிப் பேசும்போது 'பறையன்' இதழையும் சட்டமன்றப் பணியையும் வட்டமேசை மாநாட்டையும் தவறாமல் சொல்கிறோம். நடுவில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் இந்தியாவிலேயே இல்லை என்பதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். 1893இல் இதழ் தொடங்கியவர், 1900இல் இங்கிலாந்து செல்லப் புறப்பட்டார். பயணம் ஆப்பிரிக்காவோடு நின்றது. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். நாம் கடந்துபோகும் அந்த ஒரு வரியை விரித்துப் பார்ப்பதுதான் இந்த உரையின் நோக்கம்.

இதற்கு இன்றைய தேவை ஒன்றும் இருக்கிறது. படித்த நம் பிள்ளைகள் பலர், "இந்த நாட்டில் இருந்து என்ன கண்டோம், வெளிநாடு போய்விடலாம்" என்கிறார்கள். அதைக் கேட்கும் தோழர்களில் ஒரு சாரார், களத்தை விட்டு ஓடுவது துரோகம் என்கிறார்கள். இன்னொரு சாரார், அங்கே போனால் சாதி ஒழிந்துவிடும், போய்ப் பிழைத்துக்கொள் என்கிறார்கள். இரண்டு பேச்சுமே நம் சொந்த வரலாற்றைப் பார்க்காத பேச்சு என்பது என் கருத்து. நம் மக்களைப் பொறுத்தவரை வெளியேறுதல் ஒரு மறுப்பு. ஆனால் வெளியேறியதாலேயே சாதி விட்டுப்போனதில்லை. எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பதைவிட, யார் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், போன இடத்தில் என்ன கட்டினார்கள் என்பவையே அதைத் தீர்மானித்தன.

ஏன் போனார்கள்

பஞ்சம் பிழைக்கப் போனார்கள் என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் உண்மை. கப்பலேறியவர்கள் கூட்டம் அப்போது பெருகியதும் உண்மை. ஆனால் பஞ்சம் எல்லாச் சாதிக்கும் வந்தது. கப்பலேறியவர்களிலோ தாழ்த்தப்பட்ட சாதியார் பெருந்தொகையினர். பஞ்சம் இல்லாத ஆண்டுகளிலும் அவர்கள் போனார்கள். ஆகவே காரணத்தைப் பஞ்சத்துக்கு முன்னால் தேட வேண்டும்.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையைச் சொத்தாகக் கொண்டாடும் உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது. சட்டத்தில் அடிமை இல்லை, பண்ணையில் இருந்தான். அவனைக் கட்டிப்போட இரண்டு கயிறுகள் போதுமானவையாக இருந்தன. ஒன்று, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாங்கிய கடன். மற்றொன்று, குடிசை போட்ட மனை. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இந்த இரண்டாவது கயிற்றைத் தெளிவாகக் காட்டினார். சேரி மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. பஞ்சமி நிலம் பற்றிய 1892ஆம் ஆண்டு ஆணைகள் இந்தப் பின்னணியில்தான் வந்தன.

கூலியை உயர்த்திக் கேட்க முடியாது, நிலம் வாங்க முடியாது, மனை சொந்தமில்லை என்றிருந்தவனுக்கு மீதமிருந்த ஒரே பேரம், "நான் இல்லாமல் உன் நடவு நடக்கிறதா பார்" என்பது. அதைச் சொல்ல அவன் அந்த இடத்தில் இல்லாமல் போக வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபோது, ஆள் போகிறது என்று முறையிட்டவர்கள் தஞ்சை மிராசுதார்கள். போனவர்களின் செயலுக்கு என்ன பொருள் என்பதை அந்த முறையீடே சொல்லிவிடுகிறது.

இதனால் தோட்டத் துரைமார் விடுதலை தந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தக் கூலி முறை இன்னொரு வகை அடிமைத்தனம். கரும்புத் தோட்டத்தில் சாட்டை இருந்தது. கண்டிக்குப் போகும் காட்டுப் பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மறுப்பு என்பது நல்ல இடத்துக்குப் போவது என்று பொருள்படாது. இந்த இடத்தில் இருக்க மாட்டேன் என்பது மட்டுமே அதன் பொருள்.

போன வழியும் சாதியும்

இப்போது இரண்டு பயணங்களை ஒப்பிடுவோம்.

முதலாவது, நேட்டால். 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் போய்ச் சேர்ந்தது. நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். அந்தக் கப்பல்களின் பெயர்ப்பதிவேடுகளில் ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர் இவற்றோடு சாதியும் எழுதப்பட்டது. கம்பெனிக்காரன் சாதியைத் தாளில் ஏற்றினான். ஆனால் வாழ்க்கையில் அது ஆட்டம் கண்டது. ஆள் ஆளாகத்தான் ஒப்பந்தம் போட்டார்கள். டிப்போவில் பல ஊரார் கலந்தார்கள். கப்பலில் ஒரே கொப்பரையில் ஆக்கியதைத் தின்றார்கள். பெண்கள் குறைவாக இருந்ததால் சாதி பார்த்து மணமுடிக்க முடியவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து தூரக் கடலைத் திரும்பக் கடந்தவர்களைவிட அங்கேயே தங்கியவர்கள் அதிகம். சாதிப் பெருமை அடியோடு அழிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஊர், சேரி என்று பிரித்து வைக்க அங்கே யாருக்கும் வலு இல்லை.

இரண்டாவது, இலங்கை. இங்கே ஆள் எடுத்தவர் கங்காணி. அவர் நம் ஊர்க்காரர். பெரிய கங்காணிகளில் பலர் குடியானவச் சாதியார். தன் உறவு, தன் ஊர், தன் ஊரின் சேரி என்று கூட்டம் கூட்டமாகக் கூட்டிப்போனார். முன்பணம் கொடுத்து, கடனைத் 'துண்டில்' எழுதி, கடன் தீரும்வரை ஆளைத் தன் கைக்குள் வைத்திருந்தார். பண்ணைக் கடன் தோட்டக் கடனாக மாறியது. கடன் கொடுத்தவரின் சாதி மாறவில்லை. லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்தன. சாவுக்குப் பறையடிக்கவும் துணி வெளுக்கவும் அதே சாதிகள் அதே வேலைக்கு நின்றன. கடல் குறுகியது, போக்குவரத்து எளிது, பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஊரோடுதான். துண்டு முறையை 1921இல்தான் சட்டம் ஒழித்தது.

இரண்டிலும் போனவர்கள் நம் மக்கள், ஆண்டவர்கள் வெள்ளையர், வேலை தோட்டக் கூலி. வேறுபட்டது அழைத்துப்போன கைதான். தனி ஆளாகப் போன இடத்தில் சாதி தளர்ந்தது. சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு போன இடத்தில் சாதி கூடவே குடியேறியது. இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள இந்தப் பாடம் நமக்கு வேண்டும்.

திரும்பி வந்த சட்டை

வெளியேற்றம் போனவரை மட்டும் மாற்றுவதில்லை. ராமநாதபுரம் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் போய்க்கொண்டிருந்த பகுதி. அங்கே 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தக் கூடாது. சட்டை போடக் கூடாது. முடி கத்தரிக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டுமே புழங்க வேண்டும். பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, நிலம் வைத்திருக்கக் கூடாது என்பவையும் சேர்ந்துகொண்டன. ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றி எழுதிய நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். சட்டை, குடை, செருப்பு, பித்தளைப் பாத்திரம், நகை, நிலம், படிப்பு. இவை யாவும் பண்ணைக் கூலியால் வாங்க முடியாதவை. ரொக்கக் கூலியால் வாங்கக் கூடியவை. சேரியில் இல்லாத ஒன்றை யாரும் தடை செய்ய மாட்டார்கள். வெளியே போய் வந்த காசு சேரிக்குள் நடமாடியதற்கான தடயமாக இந்தத் தடைப் பட்டியலை நான் வாசிக்கிறேன்.

காசு மட்டும் வரவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழும் அவருடைய சாக்கிய பௌத்த சங்கமும் கோலார் தங்கவயல் தொடங்கி ரங்கூன், நேட்டால் வரை ஆட்களைப் பெற்றிருந்தன. சீனிவாசனாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. 1923இல் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலையையும் கிணற்றையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு லண்டனில் அமர்ந்தார். போனது விலகலாக முடியவில்லை.

ஆனால் போன இடத்து மண்ணும் எப்போதும் நமதாகிவிடுவதில்லை. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அம்மக்களின் தலைவர்களைக்கூடக் கேட்கவில்லை. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து இறங்கியவர்களுக்கு 'சிலோன்காரர்' என்று பெயர் வைத்தோம். சாதியால் விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தாயகம் என்று சொல்லப்பட்ட மண்ணில் மறுபடி தோட்டக் கூலிகளானார்கள்.

கொலம்பியாவிலிருந்து பரோடா வரை

அண்ணல் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மேலைநாடுகளில் இருந்த ஆண்டுகள் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே தன் மனத்திலிருந்து துடைத்துவிட்டன என்று பின்னாளில் எழுதினார். 1917இல் பரோடாவில் வேலையேற்க வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள்.

வெளிநாட்டு வாழ்க்கை நமக்குத் தரும் மிகப் பெரிய பொருள் இந்த ஒப்பீடுதான். சாதியில்லாமல் ஒரு நாள் கழியும் என்று உடம்பு அறிந்துவிட்டால், பிறகு அதை விதியென்று யாரும் நம்பவைக்க முடியாது. அதே அண்ணல், 1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையில் கேத்கரின் எச்சரிக்கை ஒன்றை வழிமொழிந்தார். இந்துக்கள் உலகின் பிற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகச் சிக்கலாகிவிடும் என்பது அது.

இன்றைய கங்காணிகள்

அமெரிக்காவில் 1965க்குப் பிறகு படித்த இந்தியருக்குக் கதவு திறந்தது. முதலில் நுழைந்தவர்கள் இங்கே முதலில் படிக்க வாய்த்தவர்கள். அவர்களுடைய கல்லூரி, சங்கம், பரிந்துரை, திருமணத் தளம் வழியாக அடுத்தவர்கள் போனார்கள். கங்காணியின் கூட்டம் சேர்க்கும் முறைதான் இது, விமானத்தில் நடக்கிறது.

2020இல் கலிபோர்னியா மாநிலம் சிஸ்கோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கைப் பாருங்கள். ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐஐடியில் சேர்ந்தவர் என்பதை அங்கே உடன் படித்த மேலாளர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 2023இல் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை மாநிலமே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. தீர்ப்பு எதுவானாலும், கடல் தாண்டி ஒருவரின் சாதியைக் கொண்டுசேர்க்கும் வழி எது என்பதை அந்தப் புகார் காட்டிவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பும் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சாதியைச் சேர்த்தன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சட்டமே இயற்றியது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் சட்டமுன்வடிவை ஆளுநர் நிராகரித்தார். பிரிட்டனில் 2013இல் நாடாளுமன்றம் ஏற்ற பாதுகாப்பை 2018இல் அரசு கைவிட்டது. வென்றும் தோற்றும் நடக்கிற இந்தப் போராட்டத்தில் முன்நின்றவர்களில் பலர் புலம்பெயர்ந்த தலித்துகள். ஓடிப்போனவர்கள் என்று நாம் கணக்கு எழுதிவைத்தவர்கள் அவர்கள்.

மாணவர்களுக்கு

ஒரு செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். பட்டியல் சாதியார் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் இந்திய ஒன்றியம் முழுமைக்கும் 125 இடங்கள். 2022இல் மாற்றப்பட்ட விதிகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அந்தத் தொகை கிடையாது என்றன. நீ வெளியே போகலாம், ஆனால் உன்னை வெளியேற வைத்த சாதியைப் படிக்கப் போகக் கூடாது என்பதே இதன் பொருள். தஞ்சை மிராசுதார் ஆள் போகிறதே என்று அஞ்சினார். இன்றைய அரசு, போன ஆள் என்ன படித்துவிடுவானோ என்று அஞ்சுகிறது.

எனவே, போக விரும்புகிறவர்கள் குற்ற உணர்ச்சி இல்லாமல் போங்கள். இந்த நாட்டின் மீதான உங்கள் கசப்புக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதற்குக் காரணமானவர்கள் நீங்கள் அல்லர். ஆனால் சாதிச் சங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். போன இடத்துத் தொழிற்சங்கத்தோடும் கறுப்பின மக்களோடும் உழைக்கும் மக்களோடும் சேருங்கள். உங்களுக்கு முன் போன நம்மவரைத் தேடுங்கள். பின்னால் வருகிறவருக்கு ஒரு முகவரியை விட்டுவையுங்கள்.

போக முடியாதவர்கள்தான் நம்மில் மிகப் பெரும்பாலோர். கடவுச்சீட்டு இல்லாத, இருந்தாலும் கடனுக்கு ஈடு வைக்க ஒரு சென்ட் நிலம் இல்லாத அவர்களை மறந்துவிட்டு வெளியேற்றத்தைக் கொண்டாட முடியாது. போனவரின் காசும் படிப்பும் எழுத்தும் அவர்களிடம் வந்து சேர வேண்டும். சீனிவாசனாரின் இருபதாண்டுகளை இப்படி அளந்துதான் நாம் மதிக்கிறோம். இனிப் போகிறவர்களையும் அதே அளவுகோலால்தான் மதிப்போம்.

ஜெய்பீம்.