அளவு நாடாவோடு விண்வெளிக்குப் போன செயற்கைக்கோள்

செயற்கைக்கோள் என்றாலே கோடிக்கணக்கான வெள்ளி செலவாகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் எனக்கு அந்த எண்ணத்தை மாற்றியது ‘பிசிசேட்’.

அமெரிக்கக் கடற்படைக் கழக மாணவர்கள், பொறியாளர் பாப் புரூனிங்காவின் வழிகாட்டுதலில் உருவாக்கிய அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோள் அது. 2001 செப்டம்பர் 30ஆம் தேதி அலாஸ்காவின் கோடியாக் தீவிலிருந்து விண்ணில் பாய்ந்தது.

அதன் பாகங்கள்தான் வியப்பு. தச்சர்களின் எஃகு அளவு நாடாதான் ஆன்டெனா. மடக்கி வைத்தாலும் விட்டவுடன் தானாக நிமிர்ந்துவிடும். மின்சாரத்தைச் சேமிக்க, ‘ஏஏ’ அளவு நிக்கல்-காட்மியம் பேட்டரிகள். வானொலி ஆர்வலர்கள் வீட்டில் வைத்திருக்கும் வகை மோடமே அதன் மூளை. 145.825 மெகாஹெர்ட்ஸில் வரும் குறுஞ்செய்திகளை வாங்கிப் பூமிக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை.

கடையில் வாங்கிய பாகம் என்பதால் வேலை சுலபமாகிவிடாது. ராக்கெட்டின் அதிர்வையும் வெற்றிடத்தையும் கடுங்குளிரையும் அது தாங்குமா என்று சோதிக்க வேண்டும். மின்சாரத்திற்குக் கறாரான கணக்கு வேண்டும். காலப்போக்கில் பிசிசேட்டின் மின்சாரம் பற்றாமல் போனது. பூமியின் நிழலுக்குள் நுழைந்தால் அணைந்துவிடும். சுற்றுப்பாதை முழுதும் வெயில் படும் நாள்களில் மீண்டும் விழித்துக்கொள்ளும். பத்தாண்டுகள் கடந்தும் அதன் சமிக்ஞை கேட்டது.

இப்போதெல்லாம் எந்தப் பாகத்தை வாங்கும்முன்னும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இது எதைத் தாங்கும்? எவ்வளவு மின்சாரம் எடுக்கும்? உங்கள் அடுத்த திட்டப்பணியை இக்கேள்விகளோடு தொடங்கிப் பாருங்கள். பெரிய ஆய்வகம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.