பனிமலையில் வாழையடி வாழை

சதைப்பற்றுள்ள செடி என்றதும் நம் நினைவுக்கு வருபவை கற்றாழையும் கள்ளியுமே. அவை வெயில் கொளுத்தும் வறண்ட நிலத்துக்கே உரியவை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலும் இத்தகைய செடிகள் செழித்து வாழ்கின்றன. அவற்றுள் புகழ் பெற்றது செம்பர்விவம் என்னும் இனம். ‘என்றும் உயிர்வாழ்வது’ என்பது இந்த இலத்தீன் பெயரின் பொருள்.

பனிமலையில் தண்ணீருக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். உண்மையில் அங்கும் பஞ்சம் உண்டு. பாறை இடுக்கில் ஒரு பிடி மண்தான் இருக்கும். பெய்த மழை உடனே வழிந்துவிடும். கோடையில் மலையுச்சி வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சிவிடும். குளிர்காலத்திலோ தண்ணீர் உறைந்து கிடப்பதால் வேருக்கு எட்டாது. ஆகவே, கிடைக்கும் நீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது இச்செடி. தடித்த இலைகள் ரோஜா மலரின் இதழ்களைப் போல் நெருக்கமாக அடுக்கியிருக்கும்.

சேமித்த நீரைக் காப்பதற்கும் அதற்கு ஒரு வழி உண்டு. வறண்ட காலத்தில் இலைத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும். அந்த வாயு இரவெல்லாம் புளிப்பு அமிலமாக இலையில் தங்கும். பகல் வெளிச்சத்தில் உணவாக மாறும். இதற்கு ஒரு முற்காலத் தடயம் நம்மவர்கள் நன்கறிந்த ஒரு செடியில் கிடைத்தது. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று சொல்வோமே, அந்த ரணகள்ளியும் செம்பர்விவத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்னே என்பவர் 1813ஆம் ஆண்டில் ஒரு கடிதத்தில் குறித்துவைத்தார்.

இனி, உறைபனியைச் செம்பர்விவம் எவ்வாறு தாங்குகிறது என்று பார்ப்போம். குளிர் நெருங்கும்போது இலைகளில் நீர் குறைந்து சர்க்கரை மிகுகிறது. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறைவதில்லை. வெளியிலைகள் உட்புறமாக மடிந்து குருத்தைப் பொத்திக்கொள்ளும். மேலே விழும் பனியும் ஒரு போர்வையாகிக் கடுங்குளிர் உள்ளே புகாமல் காக்கும்.

ஆகவே, குளிர் நாடுகளில் இதை வளர்ப்போருக்குக் குளிர் பகையன்று. தேங்கும் ஈரமே பகை. அடியில் துளையுள்ள மண்சட்டியில் மண்ணும் பொடிக்கல்லும் சரிபாதி கலந்து நட வேண்டும். நல்ல வெயில் வேண்டும். உரம் மிகுந்தால் இலை தளர்ந்து அழகு கெடும். நரைமயிர் போன்ற நூல்களால் போர்த்திய சிலந்திவலை வகைக்குக் குளிர்கால மழை படாமல் மேலே ஒரு கண்ணாடித் தகடு வைப்பார்கள்; பக்கங்களில் காற்றோட்டம் இருக்கும். முற்காலத்தில் இதை வீட்டுக் கூரையிலேயே வளர்த்தார்கள். இது இருக்கும் கூரையில் இடி விழாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஏறத்தாழக் கி.பி. 800இல், சார்லமேன் மன்னர் காலத்துக் கட்டளை ஒன்று, தோட்டக்காரன் தன் வீட்டின்மேல் இதை வைத்திருக்க வேண்டும் என்று கூறுகிறது. எப்போதும் வெப்பமும் ஈரமும் உள்ள நமது தாழ்நிலம் இதற்கு ஒத்துவராது.

பெயரோ ‘என்றும் உயிர்வாழ்வது’. ஆனால், பூத்த இலைக்கொத்து மடிந்துவிடும்! இதில் முரண்பாடு இல்லை. குலை தள்ளிய வாழை சாய்கிறது. அடியில் கன்றுகள் நிற்கின்றன அல்லவா? செம்பர்விவமும் அப்படித்தான். பூப்பதற்கு முன்பே தன்னைச் சுற்றிப் பல கன்றுகளை ஈன்றுவிடும். வசந்தகாலத்தில் ஒரு கன்றைப் பிரித்து நட்டால் குளிருக்கு முன் வேர் பிடித்துவிடும். விதையில் முளைப்பவை பெரும்பாலும் கலப்பினமாகிவிடும். தாயின் குணம் மாறாமல் வருவது கன்றில்தான். எனவே, சேகரிப்போர் ஒவ்வொரு சட்டியிலும் பெயர்ச்சீட்டை மறவாமல் குத்திவைப்பார்கள்.

தோட்டங்களில் இன்று ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கின்றன. ஆனாலும், ‘மலையிலிருந்தே கொண்டு வந்தேன்’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசை சிலரை விடுவதில்லை. ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில், மூர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், செர்ப்பன்டைன் என்னும் பாறைகளில் மட்டுமே வளரும் ஒரு வகை உண்டு. செம்பர்விவம் பிட்டோனியை என்பது அதன் பெயர். மஞ்சள் நிறப் பூ பூக்கும். உலகில் அதற்கு இயற்கையான வேறு இடம் இல்லை. ஆளுக்கொரு திரளாகப் பெயர்த்தால் எத்தனை நாள் தாங்கும்? பாறை இடுக்கில் பல்லாண்டு ஊன்றிய வேர் அறுந்துபோகும். கீழே கொண்டுவந்த செடியும் ஈரத்தில் அழுகக்கூடும். மலைக்கும் நட்டம், நமக்கும் நட்டம்.

தோட்டத்தில் வளர்ப்பவரிடம் ஒரு கன்று கேட்டு வாங்கினால், சில ஆண்டுகளில் சட்டி நிறைந்துவிடும். நாமும் பிறருக்குக் கொடுக்கலாம். தானே பெருகிக் கொடுக்கும் ஒரு செடியைத் திருடிச் சேர்க்க வேண்டியதில்லை. மலையில் உள்ளது மலையிலேயே இருக்கட்டும், கன்று கைமாறட்டும். வாழையடி வாழையாக வாழ்வது செடிக்கு மட்டுமன்று, அதை வளர்க்கும் கலைக்கும் உரியதாகும்.